எடிட்டிங் மென்பொருள் யாருக்காகக் காத்திருக்கிறது?

கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்விக்குப் பொறுப்பான அரசு நிறுவனம் கைட். தலைமையகம் திருவனந்தபுரம் பூஜப்புரையில். 2001இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமாகத் தொடங்கி, 2017இல் தனி நிறுவனமாகி இன்றைய பெயரைப் பெற்றது. 2019இல் உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தை அது வெளியிட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது ஓடும் என்று அப்போது செய்தி வந்தது. 2024இல் உபுண்டு 22.04க்கு மாறினார்கள். 2018 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களின் பிள்ளைகள் தங்கள் பள்ளி விழாவைப் படம்பிடித்துச் செய்தித் தொகுப்பாக வெட்டி ஒட்டப் பழகுவது கேடென்லைவ் என்ற கட்டற்ற மென்பொருளில். ஒரு மாநிலமே சேர்ந்து இயங்குதளத்தை அப்கிரேடு செய்வதும், அதே கணினிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீடியோ எடிட் செய்வதும் இந்தியாவில் இந்த அளவில் அபூர்வமாகப் பார்க்கக்கூடிய காட்சி.

அதே நகரத்தில் திருவல்லத்துக் குன்றின் மேல் 1980இல் உருவான சித்ராஞ்சலி ஸ்டுடியோ இருக்கிறது. பக்கத்திலேயே, காட்சி ஊடகத் தொழில்நுட்பத்துக்காக 1988இல் அமைந்த சி-டிட். மலையாளத்தின் முதல் தனியார் சேனலான ஏஷியாநெட் 1993இல் கிளம்பியதும் இந்த ஊரிலிருந்துதான். டிசம்பரில் சர்வதேசத் திரைப்பட விழா, இடையில் ஆவணப்பட–குறும்பட விழா, வருஷம் முழுக்கக் கல்யாணங்கள். கரமனையிலும் கோட்டைப் பகுதியிலும் தமிழ் வீட்டுக் கல்யாணங்களும் உண்டு. ஆகவே விண்டோஸ், மெக், லினக்ஸ் என மூன்று உலகத்து எடிட்டர்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் இது. மூவரிடமும் கேட்டால் ஒரே புகார் மூன்று விதமாக வரும்: “அப்கிரேடு பண்ணதிலிருந்து சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேங்குது. திறந்துட்டா நல்லாத்தான் ஓடுது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. நோயின் குறி அதில்தான் இருக்கிறது. திறந்த பிறகு டைம்லைன் தடையின்றி ஓடுகிறது என்றால் கணினிக்கு வலு போதுமானது. தாமதம் வலுவின்மையால் வந்ததல்ல. திறக்கும்போது மென்பொருள் எதற்கோ, யாருக்கோ காத்திருக்கிறது. எவ்வளவு நேரமாகிறது என்று கேட்பதைவிட யாருக்காகக் காத்திருக்கிறது என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். இந்தக் கட்டுரை முழுக்க நான் வற்புறுத்துவது இதைத்தான். ஏனென்றால் சந்தையில் உலவும் வைத்தியங்கள் (ரேமைக் கூட்டு, ஃபார்மேட் பண்ணு, பழையபடி போட்டுவிடு) எல்லாமே முதல் கேள்விக்கான பதில்கள்; இரண்டாவது கேள்வியை அவை தொடுவதே இல்லை.

எடிட்டிங் மென்பொருள் மட்டும் ஏன் இந்த வம்பில் அதிகம் மாட்டுகிறது? கடிதம் எழுதும் மென்பொருள் திறக்கும்போது ஜன்னலும் சில எழுத்துருக்களும் கிடைத்தால் போதும். எடிட்டிங் மென்பொருளோ, திரையில் தன் முகத்தைக் காட்டுவதற்கு முன்பே கணினியின் மொத்தக் குடும்பத்தையும் விசாரிக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு எது, அதன் டிரைவர் எந்தப் பதிப்பு, ஒலிக்கருவி எது, மைக் இருக்கிறதா, எந்தெந்த கோடெக்குகள், பிளக்-இன்கள் எத்தனை, ஒவ்வொன்றும் ஒழுங்காக இருக்கிறதா, எழுத்துருக்கள் எவை, உரிமம் செல்லுமா, கடைசியாகத் திறந்த புராஜெக்ட் எந்த டிஸ்க்கில் இருந்தது, கேஷ் எங்கே. இயங்குதள அப்கிரேடு மாற்றுவதும் கிட்டத்தட்ட இதே பட்டியலைத்தான். எனவே நேற்று வரை நொடியில் வந்த பதில்கள் இன்று தாமதமாக வருகின்றன, அல்லது வருவதே இல்லை.

காத்திருப்பில் முதல் வகை, தானே தீர்ந்துபோவது. அப்கிரேடு முடிந்து டெஸ்க்டாப் வந்ததும் வேலை முடிந்ததாக நாம் நினைக்கிறோம். இயங்குதளத்துக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. மெக்கில் ஸ்பாட்லைட் டிஸ்க் முழுவதையும் திரும்பப் படித்துத் தேடல் அட்டவணை போடும். விண்டோஸிலும் தேடல் சேவை அதையே செய்யும். கூடவே அதன் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் ஒவ்வொரு கோப்பையும் முதல் தடவை தொடும்போது சோதிக்கும். லினக்ஸில் எழுத்துருக் கேஷ் புதிதாகக் கட்டப்படும். இன்டெல் சிப்புக்காக எழுதப்பட்ட மென்பொருளை ஆப்பிள் சிலிக்கான் மெக்கில் ஓட்டினால் ரொசெட்டா 2 அதை முதல் திறப்பின்போது மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளும். இயங்குதளம் மாறினால் அந்த மொழிபெயர்ப்பையும் மறுபடி செய்ய வேண்டிவரும். டெரா பைட் கணக்கில் வீடியோ வைத்திருக்கும் எடிட்டரின் கணினியில் இதெல்லாம் சில மணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு நாள் வரை ஓடலாம். இந்த நேரத்தில் மென்பொருளை அழித்துத் திரும்ப நிறுவினால், அது வந்து சேரும்போது அட்டவணை வேலையும் முடிந்திருக்கும். நிறுவியதால்தான் சரியாயிற்று என்று பெயர் வாங்கிக்கொடுக்கும். ஊரில் பாதிப் பேர் நம்பும் வைத்தியம் இப்படித்தான் புகழ் பெற்றது. இதற்கு மருந்து, ராத்திரி முழுக்க மின் இணைப்போடு கணினியை ஓடவிட்டு, காலையில் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, பிறகு பேசுவது. லேப்டாப்பை மூடிவைத்தால் இந்த வேலையும் தூங்கிவிடும்.

இரண்டாம் வகை வேறு மாதிரியானது. இங்கே மென்பொருள் எந்த வேலையும் செய்வதில்லை; ஒரு பதிலுக்காகச் சும்மா நிற்கிறது. இந்த வகையைப் புரிந்துகொள்ள 2020 நவம்பர் 12ஐவிடச் சிறந்த நாள் இல்லை. அன்று ஆப்பிள் மெக் ஓ.எஸ். பிக் சர் பதிப்பை வெளியிட்டது. சில மணி நேரத்தில் உலகம் முழுக்க மெக்குகளில் மென்பொருள்கள் திறக்க முடியாமல் திணறின. இந்தியாவில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பிக் சருக்கு மாறாதவர்கள், அதாவது கேட்டலினாவிலும் மொஹாவியிலும் இருந்தவர்கள்கூட மாட்டிக்கொண்டார்கள். காரணம் இது: மெக்கில் ஒரு மென்பொருளைத் திறக்கும்போது, அதை உருவாக்கியவரின் சான்றிதழ் இன்னும் செல்லுமா என்று ‘டிரஸ்ட்டி’ என்ற பின்னணிச் சேவை ஆப்பிளின் சர்வரிடம் கேட்கும். இணையமே இல்லையென்றால் கேட்காமல் திறந்துவிடும். அன்று சர்வர் செத்துப்போகவில்லை. இழுத்து இழுத்துப் பதில் சொன்னது. செத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வைஃபையை அணைத்தவர்களுக்கு மென்பொருள் உடனே திறந்தது. அந்தச் சோதனையை மேலும் பாதுகாப்பான முறையில் செய்யவும், வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளவும் வழி செய்வதாக ஆப்பிள் பின்னர் அறிவித்தது.

அந்த இரவில் இரண்டு பாடம் இருக்கிறது. அப்கிரேடு நடந்த அதே நாளில் வந்த கோளாறு அப்கிரேடால்தான் வந்தது என்று கட்டாயமில்லை. அடுத்து, வைஃபையை அணைத்து ஒரு தடவை திறந்து பார்ப்பது காசு செலவில்லாத, ஒரு நிமிடச் சோதனை. எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது. இணையம் இல்லாதபோது வேகமாகத் திறந்தால், தேட வேண்டிய இடம் ரேமோ டிஸ்க்கோ அல்ல.

பதிலுக்காக நிற்கும் காத்திருப்புக்கு இன்னோர் அடையாளம் உண்டு: நேரம் மாறாது. டிஸ்க் வேலை செய்வதால் வரும் தாமதம் ஒரு தடவை நாற்பது நொடி, அடுத்த தடவை பதினைந்து நொடி என்று ஏறி இறங்கும். பதிலுக்கு நிற்கும் தாமதம் ஒவ்வொரு தடவையும் அச்சடித்தது போல ஒரே அளவு இருக்கும். லினக்ஸில் இதற்கு ஒரு பேர்போன எண் உண்டு, 25 நொடி. லினக்ஸில் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது டி-பஸ் என்ற தபால் வழியாக. பதில் வராவிட்டால் அதில் இயல்பாகக் காத்திருக்கும் காலம் 25 நொடி. 2022 வாக்கில் பல லினக்ஸ் பயனர்கள், குறிப்பாக ஜி.டி.கே. என்ற கருவித்தொகுப்பில் எழுதப்பட்ட மென்பொருள்களில், இதைக் கண்டார்கள். டெஸ்க்டாப்பின் நிறம், எழுத்து அளவு போன்ற அமைப்புகளைச் சொல்ல வேண்டிய ‘போர்ட்டல்’ சேவை அப்கிரேடுக்குப் பின் எழவில்லை. மென்பொருள் கேட்டது, 25 நொடி நின்றது, கைவிட்டு இயல்பான அமைப்போடு திறந்தது. பிராசஸர் பயன்பாடு அந்த நேரம் முழுக்கப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். இந்த ஒரு எண்ணை அறிந்த பள்ளி ஆசிரியர் ஸ்டாப்வாட்சை வைத்தே நோயைக் கண்டுபிடிப்பார். அறியாதவர் லேப்டாப்பை ஃபார்மேட் செய்ய அனுப்புவார்.

இதே வகையில் எடிட்டர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று, ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறை மேகத்துக்குப் போவது. விண்டோஸ் 11ஐ அமைக்கும்போது காப்புப்பிரதி வேண்டுமா என்று கேட்கும் திரையில் சரி என்று அழுத்தினால், டாக்குமென்ட்ஸ் கோப்புறை ஒன்டிரைவுக்குள் நகர்ந்துவிடும். மெக்கில் ஐகிளவுடும் அதையே செய்யும். அடோபி பிரீமியர் தன் விருப்ப அமைப்புகளை வைப்பது அந்த டாக்குமென்ட்ஸுக்குள்தான். டிஸ்க்கில் இடம் மிச்சம் பிடிக்க, தொடாத கோப்புகளை மேகத்தில் மட்டும் வைத்திருக்கும் வழக்கமும் இந்தச் சேவைகளுக்கு உண்டு. ஆக, பிரீமியர் திறக்கும்போது தன் சொந்த அமைப்புக் கோப்பையே இணையத்திலிருந்து இறக்கிப் படிக்க நேரலாம். அந்தக் கோப்புறையை ‘எப்போதும் இந்தக் கணினியிலேயே வைத்திரு’ என்று குறித்தால் தீர்ந்தது. இதைக் கண்டுபிடிக்காமல் புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்குபவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. ஒரு கல்யாண சீசனின் லாபம் அதில் போய்விடும்.

தூங்கும் டிஸ்க்குகளும் இங்கேதான் வரும். எடிட்டிங் மேசையில் நான்கைந்து வெளி ஹார்ட் டிஸ்க்குகள் செருகியே இருக்கும். ‘அண்மைப் புராஜெக்ட்கள்’ பட்டியலைக் காட்ட மென்பொருள் அவை ஒவ்வொன்றையும் எட்டிப் பார்க்கும். தூங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க் சுழன்று எழச் சில நொடிகள் எடுக்கும். அப்கிரேடு மின்சேமிப்பு அமைப்பை மாற்றியிருந்தால், முன்பு விழித்திருந்த டிஸ்க்குகள் இப்போது தூங்கும். கழற்றிவிட்ட நெட்வொர்க் டிரைவின் முகவரி பட்டியலில் மிச்சமிருந்தால் இன்னும் மோசம். எல்லா வெளி டிஸ்க்குகளையும் கழற்றிவிட்டு ஒரு தடவை திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். மெக்கில் கேட்டலினா முதல் இன்னொரு சங்கதி சேர்ந்தது: வெளி டிஸ்க், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஆகியவற்றைத் தொட மென்பொருளுக்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதிப் பெட்டி சில சமயம் மென்பொருளின் தொடக்கப் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நாம் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். அது நம் விரலுக்காகக் காத்திருக்கும்.

ஒலிக்கருவியையும் சொல்ல வேண்டும். பிரீமியர் திறக்கும்போது மைக் உள்ளீட்டைத் தேடும். அப்கிரேடில் ஒலி டிரைவர் மாறி, பழைய கருவியின் பெயர் மட்டும் அமைப்பில் மிச்சமிருந்தால் அங்கே தடுக்கும். ஒலி அமைப்பில் உள்ளீடு ‘இல்லை’ என்று மாற்றினால் சில கணினிகளில் திறப்பு உடனே சுறுசுறுப்பாகிவிடும். பின்னணிக் குரல் பதிவு செய்யாதவர்களுக்கு இதனால் நஷ்டமும் இல்லை.

மூன்றாம் வகை, எண்ணிக்கையால் வரும் காத்திருப்பு. பத்து வருஷம் ஓடிய ஒரு கல்யாண வீடியோ கணினியின் எழுத்துருக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். மணமக்கள் பெயரை மலையாளத்தில் எழுத எம்.எல்.–டி.டி. கார்த்திகா, ரேவதி என்று தொடங்கும் பழைய எழுத்துருக்கள் வரிசையாக. தமிழ் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாமினி முதலான ஒருங்குறிக்கு முந்தைய தொகுப்புகள். ஆல்பம் வடிவமைப்பு சி.டி.க்களோடு வந்த ஆங்கில அலங்கார எழுத்துருக்கள், ஒரே எழுத்துருவின் நான்கு நகல்கள். இவற்றுக்கு நடுவே மீரா, ரச்சனா, மஞ்சரி போன்ற நல்ல ஒருங்குறி எழுத்துருக்களும் இருக்கும். அவை போதும், மற்றதில் பெரும்பாலானதை யாரும் இப்போது தொடுவதில்லை. எடிட்டிங் மென்பொருள் டைட்டில் கருவிக்காக அத்தனையையும் படிக்கிறது. அப்கிரேடு எழுத்துருக் கேஷைத் துடைத்துவிட்டால் முதலிலிருந்து. ஓர் எழுத்துரு பழுதாகியிருந்தால் அங்கேயே தடுக்கி நிற்கும். பழைய டைப் 1 எழுத்துருக்களுக்கு 2023 ஜனவரியோடு அடோபி ஆதரவை நிறுத்திவிட்டது. அவற்றைச் சுமந்துகொண்டிருப்பதில் இனி பயன் ஏதும் இல்லை.

பிளக்-இன்கள் கதையும் அதுதான். பிரீமியரின் தொடக்கப் படத்தில் கீழே ஓடும் சிறு எழுத்துகளை யாரும் படிப்பதில்லை, படிக்க வேண்டும். எந்தப் பெயரில் அது நிற்கிறதோ அதுவே அதன் வாக்குமூலம். ஒவ்வொரு பிளக்-இன்னையும் முதல் தடவை சோதித்து, முடிவைக் கேஷில் எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். அப்கிரேடுக்குப் பின் அந்தக் கேஷ் செல்லாமல் போனால் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கும். சோதனையில் ஒன்று தோற்றுக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தடவையும் சோதிக்கும். திறக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் கேஷைத் துடைத்துப் புதிதாகக் கட்டும் வசதி பிரீமியரில் உண்டு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளும் எஃபெக்ட் பிளக்-இன்களையும் ஒலி பிளக்-இன்களையும் திறக்கும்போது அலசுகிறது. கேடென்லைவ் தன் அடித்தளமான எம்.எல்.டி. வழியாக எஃபெக்ட் நூலகங்களை ஏற்றுகிறது. கணினியில் லாட்ஸ்பா ஒலி வடிகட்டிகளை மூட்டை மூட்டையாக நிறுவியிருந்தால் அவையும் வரிசையில் வரும்.

நான்காம் வகை கொஞ்சம் கடினம்; இங்கே காத்திருப்பு தற்காலிகமல்ல, அப்கிரேடு கணினியின் அடித்தளத்தையே மாற்றிவிட்டது. 2018இல் வந்த மெக் ஓ.எஸ். மொஹாவி, சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளையும் ஏ.பி.எஃப்.எஸ். என்ற புதிய கோப்பு முறைக்கு மாற்றியது. எஸ்.எஸ்.டி.யை மனதில் வைத்து வடிவமைத்த முறை அது; சுழலும் டிஸ்க்கில் கோப்பு விவரங்கள் அங்கங்கே சிதறி, நாள்பட நாள்பட மந்தமாகும். கணக்குப் போட்டால் விளங்கும். சுழலும் டிஸ்க்கின் முள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகச் சுமார் 10 மில்லி நொடி. திறக்கும்போது 5,000 சிறு கோப்புகளைத் தொடும் மென்பொருளுக்கு முள் அலைவதிலேயே 50 நொடி போய்விடும். எஸ்.எஸ்.டி.யில் அந்த அலைச்சலே இல்லை. ஆகவே பழைய ஐமேக்கோடு போராடுபவரிடம் நான் தயங்காமல் சொல்வது, அமைப்புகளை நோண்டுவதை நிறுத்திவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள் என்பதே. ரேம் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். ரேம் குறைவு டைம்லைனில் தெரியும், ரெண்டரில் தெரியும். திறக்கும் நேரத்தை மட்டும் அது தனியாக இழுப்பது அபூர்வம்.

எஸ்.எஸ்.டி. இருந்தால் சிக்கலே வராது என்றும் சொல்லிவிட முடியாது. விண்டோஸ் 11 வந்த சில மாதங்களில் வேகமான எஸ்.எஸ்.டி.களில் எழுதும் வேகம் குறைந்ததாகப் புகார் எழுந்தது. கோப்பு மாற்றங்களைப் பதியும் ஏடு தொடர்பான கோளாறு அது என்று ஒப்புக்கொண்டு, 2022 ஜனவரியில் வந்த அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் திருத்தியது. அந்தக் காலத்தில் பிளக்-இன்களைக் குறை சொல்லி அழித்தவர்கள் எத்தனை பேரோ. கிராஃபிக்ஸ் டிரைவரும் இந்த வகையில் சேரும். பெரிய அப்டேட்டின்போது விண்டோஸ் தன்னிடம் இருக்கும் டிரைவரை ஏற்றிவிடுவதுண்டு. மெக்கில் மொஹாவி, ஆப்பிளின் மெட்டல் என்ற கிராஃபிக்ஸ் முறைக்கு ஆதரவில்லாத கார்டுகளை ஒதுக்கியது. அதற்கு முந்தைய ஹை சியரா வரை ஓடிய என்விடியாவின் தனி டிரைவர்கள் அதற்குமேல் வரவே இல்லை.

உபுண்டுவில் இதற்கு இணையான மாற்றம் ஸ்னாப். 22.04இல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் பொதியாக மட்டுமே வந்தது. முதல் திறப்பு இழுத்தது, எதிர்ப்பு கிளம்பியது, பின்னர் அதை வேகப்படுத்தத் தொடர்ந்து வேலை நடந்தது. ஸ்னாப் என்பது சுருக்கிய ஒற்றைக் கோப்பு; திறக்கும்போது அதை விரித்து, தனக்கென்று எழுத்துருக் கேஷ் கட்டி, பிறகே மென்பொருள் முகம் காட்டும். கேடென்லைவ் மூன்று நான்கு வடிவங்களில் கிடைக்கிறது: உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்தில், ஸ்னாப்பாக, ஃபிளாட்பேக்காக, ஆப் இமேஜாக. ஒரே மென்பொருள், வெவ்வேறு திறப்பு நேரம். பள்ளிக் கணினியில் கேடென்லைவ் மந்தம் என்று யாராவது சொன்னால் எந்த வடிவம் என்று முதலில் கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 18.04இன் களஞ்சியத்தில் இருந்தது கேடென்லைவ் 17.12, 22.04இல் இருப்பது 21.12. நடுவே 2019 ஏப்ரலில் வந்த 19.04 பதிப்பில் டைம்லைன் பகுதி அடியோடு திரும்ப எழுதப்பட்டது. ஆகவே இயங்குதளம் மட்டும் மாறவில்லை, மென்பொருளே வேறாகிவிட்டது. பழைய அமைப்புக் கோப்பைப் புதிய பதிப்பு சுமந்து திரிய வேண்டியதில்லை; உதவிப் பட்டியலில் அமைப்பை மீட்டமைக்கும் வசதி இருக்கிறது.

உரிமம் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். சிறு ஸ்டுடியோக்கள் பலவற்றில் ஓடுவது திருட்டு நகல். உரிம சர்வரை எட்டாதபடி கணினிக்குள்ளேயே தடுப்புப் போட்டு ஓட்டுவார்கள். அப்கிரேடு அந்தத் தடுப்பைக் கலைக்கும், அல்லது டிஃபெண்டர் அந்த நகலின் ஒரு துண்டைப் பிடுங்கி அடைத்து வைக்கும். பிறகு மென்பொருள் எட்டாத இடத்தை எட்டிப் பார்த்து நின்றுகொண்டே இருக்கும். இந்தக் கோளாறுக்கு நேர்மையான பழுதுபார்ப்பு கிடையாது, ஏனென்றால் எது இயல்பான நிலை என்றே யாருக்கும் தெரியாது. இலவசமாகவே கிடைக்கும் கேடென்லைவும் டாவின்சி ரிசால்வின் கட்டணமில்லாப் பதிப்பும் கல்யாண வேலைக்குத் தாராளமாகப் போதும். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்த நகரம் திருவனந்தபுரம். அங்கே இன்னும் திருட்டு நகலோடு மல்லுக்கட்டுவது வருத்தமான விஷயம். கட்டற்ற மென்பொருளின் உண்மையான நன்மை விலை அல்ல. அது எங்கே நிற்கிறது என்று உள்ளே பார்க்க முடிவது.

பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். கேடென்லைவை ஐகானில் தட்டாமல் டெர்மினலைத் திறந்து அதன் பெயரை அடித்துத் திறங்கள். வரிகள் ஓடும். எந்த வரிக்குப் பிறகு ஓட்டம் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நிற்கும் இடத்தில் ஒரு நூலகத்தின் பெயரோ, ஒரு சேவையின் பெயரோ, ஒரு கோப்பின் முகவரியோ இருக்கும். போதவில்லையென்றால் ‘எஸ்டிரேஸ்’ கருவி மென்பொருள் இயங்குதளத்திடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் நேரத்தோடு எழுதித் தரும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு எடிட்டிங் மென்பொருளைத் தட்டுங்கள். பிராசஸர் உச்சத்தில் இருந்தால் ஏதோ சோதனையோ மொழிபெயர்ப்போ நடக்கிறது. டிஸ்க் நூறு சதவீதம் என்றால் படிப்பு நடக்கிறது. யார் படிப்பது, எடிட்டிங் மென்பொருளா டிஃபெண்டரா தேடல் சேவையா என்று பெயரைப் பாருங்கள். இரண்டுமே சும்மா இருந்து, திரையும் அசையாமல் இருந்தால் அது பதிலுக்கு நிற்கிறது. இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டே தரும் ‘புராசஸ் மானிட்டர்’. மெக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரில் அந்த மென்பொருளைத் தேர்ந்து மாதிரி எடுக்கும் கட்டளையைக் கொடுத்தால் அந்தக் கணத்தில் அது எதில் சிக்கியிருக்கிறது என்று அறிக்கை வரும்.

இவற்றுக்கு முன்பே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. மென்பொருளைத் திறந்து, மூடி, உடனே மறுபடி திறப்பது: இரண்டாம் தடவை வேகமென்றால் டிஸ்க் காரணம், இரண்டு தடவையும் ஒரே நேரமென்றால் வேறு காரணம். கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் திறப்பது: அங்கே சரியாகத் திறந்தால் இயங்குதளத்தின் மீது தப்பில்லை, உங்கள் அமைப்புகளிலோ கேஷிலோதான் குறை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஃபார்மேட்டுக்கு யாரும் போகக்கூடாது என்பது என் கட்சி. ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும்தான். ஆனால் எது கோளாறு என்று தெரியாமலே சரியாகும். பழைய எழுத்துருக்களையும் பிளக்-இன்களையும் திரும்ப ஏற்றிய மறுநாள் அதே கோளாறு வந்து நிற்கும்.

கண்டுபிடித்த பிறகும் சிலவற்றை எடிட்டரால் தீர்க்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் அப்கிரேடிலிருந்து பழையதற்குத் திரும்ப இயல்பாகக் கிடைக்கும் அவகாசம் பத்து நாள். மெக்கில் திரும்புவது என்றால் டிஸ்க்கைத் துடைக்கும் வேலை. ஆகவே டிசம்பர் விழாவுக்குப் படம் முடிக்கிறவரும், முகூர்த்த மாதத்தில் பத்து ஆல்பம் நிலுவை வைத்திருப்பவரும் நடுவில் அப்கிரேடு பொத்தானைத் தொடக்கூடாது. கையிலிருக்கும் வேலை முடிந்து, டிஸ்க்கின் முழு நகல் ஒன்று எடுத்து வைத்த பிறகு, முதல் திருத்தப் பதிப்பும் வந்த பிறகு செய்யலாம்.

செய்யாமலே இருந்துவிடவும் முடியாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. பணம் கட்டியோ வேறு வழியிலோ வாங்கும் நீட்டிப்பு தனிப் பயனருக்கு அதற்குப் பின் ஓராண்டுதான். இன்டெல் மெக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு 2025இல் வந்த டஹோ என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. உபுண்டு 22.04இன் இயல்பான ஆதரவு 2027இல் முடிகிறது. கேரளப் பள்ளிகள் உட்பட அதைப் பயன்படுத்தும் எல்லோரும் அதற்குள் அடுத்ததைப் பற்றி முடிவெடுத்தாக வேண்டும். 24.04இல் கேடென்லைவ் 23.08க்கு ஏறியிருக்கிறது, ஒலியைக் கவனிக்கும் பல்ஸ் ஆடியோவின் இடத்துக்குப் பைப்வயர் வந்துவிட்டது. எடிட்டிங் மென்பொருள் திறக்கும்போது விசாரிக்கும் பட்டியலில் ஒலிக்கருவியும் உண்டு என்பதால் அங்கே ஒரு கண் வேண்டும். இப்போது ஓடும் கணினியில் மென்பொருள் திறக்க எத்தனை நொடி ஆகிறது, முதல் தடவை எவ்வளவு, இரண்டாம் தடவை எவ்வளவு, இணையம் இல்லாமல் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் பள்ளி ஆய்வகத்தின் சுவரில் இன்றே ஒட்டி வைக்கலாம். லிட்டில் கைட்ஸ் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு மதிய இடைவேளையில் அளந்து முடித்துவிடுவார்கள்.